பவானி பாட்டுக்கு மூன்று இருமல்

இந்த வருசம் ஹால் அலமாரியை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு. எடுத்ததும் லேசாகத் தலை சுற்றியது. உட்கார்ந்துகொண்டேன்.

செனாய் ஊரில், எங்கள் தெரஸ் வரிசைவீட்டு ஹாலில் இருப்பது ஒரே அலமாரி. அது முழுக்க என் பாட்டுத் தட்டுகள். ஒவ்வொரு பாட்டுக்கும் சிங்கிள், ஆல்பம், மறுவெளியீடு என்று சேர்த்து வைத்திருக்கிறேன். என் மனைவி கத்தரினுக்கு அந்த இடத்தில் புது ஓவன் வைக்க வேண்டும். கிறிஸ்மஸ் கேக்குக்கு இப்போதே ஆர்டர் குவிகிறதாம்.

"ஒரே பாட்டு, 'பஸ் போயிருச்சு பவானி'. அதுக்கு எதுக்குங்க மூணு தட்டு?"

"மூணும் வேற வேற, கத்தரின்! முதல்ல வந்த சிங்கிள்ல ரேடியோவுக்காக ரெண்டாவது சரணத்தை வெட்டிட்டாங்க. ஆல்பத்துல அந்தச் சரணம் இருக்கு, கடைசியில உறுமியும் இருக்கு. இருபதாம் ஆண்டு வெளியீட்டுல திரும்பப் பாடி, நடுவுல வயலின் சேர்த்திருக்காங்க."

"அந்தப் பவானி அடுத்த பஸ்ல ஏறியிருந்தா பாட்டே வந்திருக்காது லா."

இதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் இதைவிட நல்லதாக ஒன்று சொல்வாள். ஆனால் அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பல்லவியை மட்டும் பத்து செகண்ட் போடு. கண்ணைக் கட்டிக்கிட்டு எந்தத் தட்டுன்னு சொல்றேன்!"

"சொல்லிட்டா அலமாரி உங்களுக்கு. தப்பாச்சுன்னா ஓவனுக்கு. தட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வச்சுக்கலாம்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மூன்று பல்லவியையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஐயோ, அலமாக்! மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. சரணம், உறுமி, வயலின் வந்தால் யாரும் சொல்லிவிடலாம். பல்லவியில் என் காது பூஜ்யம்.

பக்கத்து வீட்டு மனோகரன் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணே, நீங்கதான் சாட்சி. தட்டைப் பார்த்துட்டு ஒரு தடவை இருமுனா சிங்கிள். ரெண்டுன்னா ஆல்பம். மூணுன்னா இருபதாம் ஆண்டு."

"எனக்கு என்னப்பா லாபம்?"

"மூணு மாசம் உங்க வீட்டுப் புல்லை நான் வெட்டுறேன்."

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கார் போர்ச்சில் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். மனிதர் அற்புதமாக இருமினார். எனக்கே அவர் உடம்பைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கண்ணில் துண்டு. பக்கத்தில் மனோகரன் அண்ணன்.

"ஒரு நிமிசம், அடுப்புல சம்பல் இருக்கு," என்றாள் கத்தரின்.

சமையலறையில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். காய்ந்த மிளகாயும் பெலாச்சான் இறால் விழுதும் கைகோத்து ஹாலுக்குள் நுழைந்தன. கத்தரின் திரும்பி வந்து பாட்டைப் போட்டாள்.

லொக். லொக் லொக். லொக் லொக் லொக் லொக்...

எண்ணினேன். பதினொன்று! பதினொன்றாவது வெளியீடு இன்னும் வரவே இல்லையே. நடுவில் நானும் நாலு தடவை இருமினேன். எது அவருடையது, எது என்னுடையது என்றே தெரியவில்லை.

"சொல்லுங்க."

"இருபதாம் ஆண்டு!"

"சிங்கிள். அடுத்தது?"

"ஆல்பம்!"

"அதுதான் இருபதாம் ஆண்டு. கடைசி?"

"சிங்கிள்!"

மிச்சம் இருந்ததே ஒன்றுதான். அதையும் தப்பாகச் சொன்னேன். மனோகரன் அண்ணன் தண்ணீர் கேட்டு வாசலுக்கு ஓடினார்.

துண்டை அவிழ்த்தேன். "இந்த நேரத்துல எதுக்கு மிளகாய்?"

"நேத்து மனோகரன் அண்ணன் இருமுனதைக் கேட்டு, அவரு சம்சாரம் காளியம்மா அக்கா பயந்துபோய் டெஸ்ட் கிட்டோட ஓடி வந்தாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா இருமுறாருன்னு சொன்னாங்க. கோவிட் எங்கயாவது எண்ணி எண்ணி இருமுமா?"

"சரி, நீயா இருந்தா கண்டுபிடிச்சிருப்பியாக்கும்!"

"ஏன் முடியாது? 'பவானி'க்கு முன்னால மூச்சு வாங்குற சத்தத்தைச் சிங்கிள்ல வெட்டிட்டாங்க. ஆல்பத்துல அது இருக்கு. புதுசுல பாவம், பாடுறவருக்கு வயசாயிருச்சுல்ல, ரெண்டு தடவை வாங்குறாரு. பதினெட்டு வருசமா பாத்திரம் கழுவுறப்ப வேற என்னத்தைக் கேட்டேன்?"

எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை வெளியே காட்டவில்லை.

சாயங்காலம் ஓவன் அலமாரியில் ஏறியது. நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பவானியை மட்டும் வெளியே எடுத்தேன். மூன்று உறையிலும் கேக் டப்பாவில் ஒட்டும் லேபிள், கத்தரின் கையெழுத்தில்.

'சிங்கிள்: மூச்சு இல்லை.'

'ஆல்பம்: ஒரு மூச்சு.'

'புதுசு: இரண்டு மூச்சு. எண்ண வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடவும்.'