பைக்கைக் காப்பாற்றக் கோரி மச்சானுக்கு

சித்தூர்,
செவ்வாய்க்கிழமை

திருப்பதியில் சகல சௌகரியங்களோடும் வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் தனசேகர் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிரமிளாவின் வீட்டுக்காரன் நாராயணசாமி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். பிரமிளா நலமாகவும் கோபமாகவும் இருக்கிறாள். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் அடுத்த அறையிலிருந்து உங்கள் தங்கையே எனக்குப் பதில் சொல்லிவிடுவாள்.

விஷயம் இதுதான். ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் என்று ஓர் உயரமான பைக் வாங்கினேனே, அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்றாக வேண்டும் என்று பிரமிளா உத்தரவு போட்டுவிட்டாள். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லி வண்டியைக் காப்பாற்ற வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ரூபா வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

பைக் மேல் குற்றமே இல்லை, என் கால்கள்தான் குட்டை. சீட்டில் உட்கார்ந்தால் தரை எட்டாது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் பச்சை விழுந்ததும் ஆட்டோக்காரர் நான் பிடித்திருப்பதைக் கவனிக்காமல் கிளம்பிவிட, நானும் கொஞ்ச தூரம் அவரோடு போக வேண்டியதாயிற்று. மெக்கானிக் திலீப்பிடம் காட்டினேன். "பர்லேது சார், ஒண்ணும் கவலப்படாதீங்க, பின்னாடி சஸ்பென்ஷன்ல ஒரு லிங்க் மாத்தினா வண்டி எறங்கிடும்" என்றான். இறங்கியது, காலும் எட்டியது. ஆனால் வண்டி இறங்கினால் சைடு ஸ்டாண்டும் இறங்குமா? அது பழைய நீளத்திலேயே இருந்ததால், சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைப்பாக நின்று, நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எதிர்ப்பக்கம் சரிந்து ரூபாவின் அரிசி வற்றல் மேல் படுத்துவிட்டது. "அண்ணா, நான் வத்தல் காயப்போட்டுக்கினு இருக்கேன், நீ வண்டிய காயப்போடறியே" என்றாள். உடனே ஸ்டாண்டை வெட்டச் சொன்னேன். திலீப் தாராளமாக வெட்டிவிட்டான். இப்போது வண்டி விருந்து சாப்பிட்டவர் மாதிரி சாய்கிறது. ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க எப்போதும் பையில் ஒரு செங்கல் கொண்டு போகிறேன். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு மேல சார் கோவம்?" என்று கேட்டார்.

இதைக் கேள்விப்பட்டு உங்கள் அம்மா வந்தார்கள். "மாப்ளே, கண்ணு பட்டுத்தான் வுழுந்துச்சி" என்று சொல்லி, வண்டிக்குப் பூஜை போட்டார்கள். ஹேண்டில்பாருக்கு மஞ்சள், ஹெட்லைட்டுக்குச் சந்தனம், சரி. முன்னால் சல்லடை மாதிரி ரேடியேட்டர் இருக்கிறதே, அதன் வழியாகக் காற்று போனால்தான் என்ஜின் சூடு தணியும். "இது எதுக்கு பொத்தல் பொத்தலா கெடக்குது?" என்று அங்கேயும் மஞ்சளைக் குழைத்து அப்பினார்கள். மாமியார் கையைத் தடுக்கும் மருமகன் எந்த ஊரில் இருக்கிறான், சொல்லுங்கள்.

சனிக்கிழமை, கூட்டமாக பைக்கில் ஊர் சுற்றும் திருப்பதிப் பையன்கள் சிலரோடு கார்வேட்டிநகரம் தாண்டி மண்பாதையில் போனேன். வெயிலில் மஞ்சள் இறுகிப்போய், என்ஜின் கொதித்து, சந்தன வாசனையோடு ஆவி வந்தது. கூட்டத்துக்குத் தலைவன் ஜெபகுமார் குனிந்து பார்த்து, "அங்கிள், வண்டிக்குத் தலைவலியா? பத்து போட்டுக்கினு வந்திருக்கீங்க" என்றான். கடைசியில் தக்காளி ஏற்றிய மினி வேன் ஒன்றில் பைக்கைப் படுக்கவைத்து, அது உருளாமல் இருக்க நானும் அதைக் கட்டிக்கொண்டு படுத்தேன். டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்தியது கங்காதர நெல்லூரில், பிரமிளா வேலை பார்க்கும் ஸ்கூல் வாசலில், மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்த நேரத்தில். "மேடம், அது உங்க வீட்டு சார்தானே?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்க, பிரமிளா என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "யாருன்னு தெரியலையே மேடம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும்தான் அடையாளம் தெரிந்தது. "இன்னா வயசுல இன்னா வேல இது? தக்காளியோட தக்காளியா படுத்துக்கினு வர்றீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போவணும், இல்லன்னா சோறு கெடையாது."

மச்சான், ரேடியேட்டரை டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டேன் (யாருடைய பிரஷ் என்று கேட்காதீர்கள்). செயினுக்கு எண்ணெய் விட்டு, ஏர் ஃபில்டரையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஆம்பளைக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்டால் அவள் மறுக்க மாட்டாள். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். மலையப்பன் உங்கள் மனதை என் பக்கம் திருப்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் உதவியை எதிர்பார்க்கும்
நாராயணசாமி

பின்குறிப்பு, வியாழக்கிழமை: இதைத் தபாலில் போடுவதற்குள் நேற்று பெய்த மழையில் ஸ்கூலுக்குப் போகும் வழி சேறாகிவிட்டது. அவளுடைய ஸ்கூட்டர் சிக்கிக்கொள்ள, பரீட்சைக்கு நேரமாகிறது என்று பிரமிளா அதைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, பைக் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் மூக்கு வரை சேறும் அதற்கு மேலே சிரிப்புமாக வந்தாள். "நீங்க ஸ்கூட்டர எடுத்துக்குங்க" என்கிறாள். ஜெபகுமார் கூட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். உங்கள் குடும்பத்துக்கு நீளமான கால்களாம். வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிடும்படி திலீப்பிடமும் சொல்லியாயிற்று. ஆகையால் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, அந்த பைக்கை உடனே விற்கச் சொல்லி அவளைக் கண்டிக்கவும்.