கூப்புடுதூரத்தின் ஒரே கத்தல்

பி.எஸ்சி. படித்தும் கிலோமீட்டரை நம்பாத ஒரே ஆள், இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே எங்கள் ஹாஸ்டல் கூப்புடுதூரம்தான். கல்வராயன் மலைக்காரன். எந்த இடத்தைக் கேட்டாலும், "இதோ, கூப்புடு தூரம்தான்டா" என்பான்; பேரே அதுவாகிவிட்டது. அவனை நம்பி ஒரு பரோட்டா கடைக்கு நடந்தோம். போய்ச் சேர்வதற்குள் கடையை மூடிவிட்டார்கள், என் செருப்பும் அறுந்துவிட்டது. "கூப்ட்டா கேக்கும் இல்ல?" என்றான், வெட்கமே இல்லாமல்.

படிப்பு முடிந்ததும் மலையில் அவனுக்கு ஒரு வேலை வந்தது. ஓடையோரமாகப் புதுசாகப் போட்ட நடைபாதைக்கு வழிகாட்டி. ஏற்றம் கிடையாது, மூச்சு வாங்காது, ஐப்பசித் தண்ணீர் பக்கத்திலேயே சலசலவென்று கூட வரும். "ஒரு வாட்டி கூட்டினு போய்க் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார் ஃபாரஸ்ட் ரேஞ்சர். டூரிஸ்ட் வேஷம் கட்ட நானும் எங்களோடு படித்த தீபாவும் போனோம்.

பூ, குருவி, பூரான் என்று பையன் பின்னியெடுத்தான். ரேஞ்சர் தலையாட்டிக்கொண்டே பாதி வழி வந்துவிட்டு, எல்லாரையும் தொடக்கத்துக்கே திருப்பிக் கூட்டிவந்து நோட்டைத் திறந்தார்.

"போர்டுல எழுதணும். முழுசா எத்தினி கிலோமீட்டரு?"

"ஒரு கூப்புடு, சார்."

"இன்னாது?"

"இங்க நின்னு கூப்ட்டா அந்த முனையில கேக்கும் சார்."

"யாரு கூப்ட்டா?"

"நான் கூப்ட்டா."

நோட்டு மூடிக்கொண்டது. "வர்றவன் சிரிப்பான்பா. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

கூப்புடுதூரத்தின் முகம் சுண்டிப்போனது. தீபாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நாங்க அந்த முனைக்குப் போறோம். அரைமணி கழிச்சு இவன் கூப்டட்டும். கேக்கலன்னா வுட்டுடுங்க."

"ஒரே வாட்டிதான்" என்றார் ரேஞ்சர்.

போனோம். கடைசியில் தண்ணீருக்கு நடுவே ஒரு அம்சமான பாறை. செல்ஃபிக்காகவே செய்து வைத்த மாதிரி. வலது காலை அதன் மேல் வைத்தேன்.

"சந்துரூ...! பாறை மேல ஏறாதடா...! பாசீ...!"

காலை எடுத்துவிட்டேன். தீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கேட்டுச்சுடா!" என்று இரண்டு பேரும் பதிலுக்குக் கத்தினோம். ஷேர் ஆட்டோவை நிறுத்தப் பழகிய தொண்டை எங்களுடையது. பக்கத்து மரத்துக் கொக்குகூட திரும்பிப் பார்க்கவில்லை. போனில் சிக்னலும் இல்லை. அங்கே ரேஞ்சர் கிளம்பிவிட்டால்? கத்திக்கொண்டே ஓடினோம்.

ஜீப் ஸ்டார்ட் ஆகியிருந்தது. "சார், கேட்டுச்சு!" என்றாள் தீபா. என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னா கூப்ட்டான், சொல்லு?"

பாசி வரைக்கும் சொன்னாள். ரேஞ்சர் இஞ்சினை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"வேலைக்குன்னு ஒரே ஒரு வாட்டி குடுத்தேன். அத இதுக்காடா செலவு பண்ண?"

"தண்ணி ஜாஸ்தி சார். இவன் போட்டோ எடுக்காம வர மாட்டான்."

ரேஞ்சர் நோட்டை மறுபடி திறந்தார். "ஒண்ணாந்தேதி வந்துடு."

கூப்புடுதூரம் என் தோளில் ஒன்று போட்டான். "இன்னாடா ஊமையாட்டம் நிக்கற? எதுனா சொல்லு."

தொண்டை அடைத்துக்கொண்டது என்று கையால் காட்டினேன். கத்தியதால் என்று நினைத்துக்கொண்டான். நானும் திருத்தவில்லை.