லிஃப்ட் போடும் சத்தம்

இந்த நாட்டையும் விட்டுவிடுவது என்று போன மாசம் முடிவு செய்துவிட்டேன். இது நான் கைகழுவும் நான்காவது நாடு. மற்ற மூன்றும் என்னை இழந்தபிறகு என்ன பாடுபடுகின்றன என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் மாட்டேன். செய்ததற்கு அனுபவிக்கட்டும்.

எனக்கு லிஃப்ட் மெக்கானிக் தொழில். படிப்பு குறைவு. பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு. ஆனால் ஒரு லிஃப்ட் ஓடும்போது பக்கத்தில் நின்று கண்ணை மூடினால் போதும். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் காதை ஏமாற்றிய இயந்திரம் இன்னும் பிறக்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு உலகம் என்ன மரியாதை செய்தது என்று கேளுங்கள். முதல் நாட்டில், நான் ஓட வைத்த லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பாராட்டினார்கள். கிளம்பிவிட்டேன். இரண்டாவது நாட்டில், வருஷக்கணக்காக எனக்கு வணக்கம் சொன்ன வாட்ச்மேன் ஒருநாள் நிறுத்தி, "நீங்க யாரு, யாரைப் பார்க்கணும்?" என்றான். கிளம்பிவிட்டேன். மூன்றாவது நாட்டில், பக்கத்து வீட்டுக்காரர் என் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிப் போய், முனையில் மாட்டும் பிட் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் அந்த பிட்டை மறந்திருப்பார். அது இன்னும் என் நெஞ்சில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

இங்கே, கீழ்வீட்டுக்காரர்.

குடிவந்த முதல் வாரம். நான் ஒரு பாவமும் அறியாதவனாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் கீழே இருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். அவருக்குக் கூரை, எனக்குத் தரை. முதுகுத்தண்டு வரை அதிர்ந்தது. தூங்குகிறவனால் யாருக்கு என்ன தொந்தரவு? அன்றைக்கே சபதம் போட்டேன், அவரோடு ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை என்று. அவர் எப்போது லிஃப்டில் வருவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் லிஃப்டிலேயே ஏறுவதில்லை. நாலு மாடியும் படிதான். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்துவிட்டு, நான் நாக்குத் தள்ளப் படியேறினேன். ஒருநாள் அவர் லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "வாங்க" என்பதுபோல் தலையை ஆட்டினார். எவ்வளவு திமிர் பாருங்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் போர்மேன், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, கிளம்புகிறாயா, மாசக் கடைசிக்குள் சொல் என்றார். நான் மனசுக்குள் அப்போதே பெட்டி கட்டிவிட்டேன். வீட்டில் சொல்வதுதான் பாக்கி.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போகிற நாட்டிலெல்லாம் சம்பளம் இல்லாத வேலையாகத் தேடிப் பிடிப்பாள். ஒரு நாட்டில் ஆஸ்பத்திரியில், பார்க்க யாரும் வராத நோயாளிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். இன்னொன்றில் தெருநாய்களுக்குச் சோறு வைத்தாள். எனக்கு ஆறிப்போனது, அதுகளுக்குச் சூடாக. இங்கே, இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம். மத்தியானம் ஆனால் போய்விடுவாள். ஆரம்பத்தில் அவர்கள் பாஷை இவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரியாமல் எப்படிப் பேச்சுத்துணையாக இருக்கிறாய் என்று கேட்டேன். தெரியாததுதான் வசதி, அவர்கள் மருமகளைத் திட்டினால் நான் வெளியே போய்ச் சொல்ல முடியாதல்லவா என்றாள்.

அன்று அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன்."

"எதை?"

"இந்த நாட்டை."

"அது என்ன பண்ணுச்சு உங்களை?"

"மரியாதை இல்லை."

"கீழ்வீட்டுக்காரரா?"

"அந்த ஆள் பேரை எடுக்காதே."

"அவர் பேரே எனக்குத் தெரியாதே."

என் சட்டை ஒன்றை எடுத்து உதறினாள். அதில் நெஞ்சுப் பக்கம் ஒரு பொத்தான் இல்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாட்டிலயும் இதேதாங்க. நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசக் கத்துக்கிட்டதும் நீங்க பெட்டியைக் கட்டிடுவீங்க. இல்லத்துல இருக்கிறவங்க ஜோக் சொன்னா, இப்பதான் எனக்கு அவங்களோட சேர்ந்து சிரிப்பு வருது. இத்தனை நாளும் அவங்க சிரிச்சு முடிச்சப்புறம் சிரிச்சேன்."

அழுவாள் என்று தயாராக இருந்தேன். அதற்குப் பதில்கூட வைத்திருந்தேன். அவள் அழவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "உங்க இஷ்டம்" என்று வந்துவிட்டால், அதற்குமேல் நம் இஷ்டம் என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாப்பிடும்போது, யாரிடமோ சொல்வதுபோல், அந்த இல்லத்து லிஃப்ட் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது என்றாள். என் கை தட்டிலேயே நின்றது.

"என்ன மாதிரி?"

"உங்களுக்கு எதுக்கு? கிளம்புற ஆளுக்கு."

"கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் போட்டுக் காட்டினாள். முதலில் "கர்ர்ர்" என்று ஒரு இழுப்பு. மேலே போகப் போக ஏறியது. திடீரென்று நின்றுவிட்டது. மூச்சுப் பேச்சு இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைக்கும்போது "பக்" என்று ஒரு உதறல். பிறகு "புஸ்ஸ்" என்று இறக்கம்.

என் அனுபவத்தில் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. விடுவேனா?

"இது ரொம்பப் பழைய மெஷின். எண்ணெயே பார்த்ததில்லை. வயித்துல ஏகப்பட்ட பாரம். இனிமே இதைத் தட்டிக் கொட்டிப் பிரயோஜனம் இல்லை. கழட்டிக் கடாச வேண்டியதுதான்."

"அப்படியா சொல்றீங்க?"

"வேற எவனா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவான்."

அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அந்த வயசானவர்கள்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி. நடுவில் ஒரு விசிலும் வருகிறதாம். செய்து காட்டினாள். அச்சாக ஒரு விசில். "கர்ர்" என்கிற லிஃப்ட் விசில் அடிக்காது. விசில் அடிக்கிற லிஃப்ட் "பக்" என்று உதறாது. மூன்றும் சேர்ந்து ஒரே இயந்திரத்தில் வரவே முடியாது. வேலையில் இருந்த கவனம் போயிற்று. மற்ற லிஃப்டுகளுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அந்த லிஃப்டையே நினைத்தேன். வேறொரு லிஃப்டை மனசில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எங்கள் தொழிலில் பெரிய துரோகம்.

லீவு நாளன்று அவளோடு கிளம்பினேன். வழியிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். கேட்க மட்டும்தான் வருகிறேன். கை வைக்க மாட்டேன். தர்ம காரியம் எல்லாம் உன்னோடு. கருவிப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. அது மீசை மாதிரி, கூடவே இருக்கும்.

நீளமான கூடம். சுவர் ஓரமாக நாற்காலிகள். தரை துடைத்த சோப்பு வாசனை. கோடியில் லிஃப்ட். பொத்தானை அழுத்திக் கண்ணை மூடினேன்.

வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்து நின்றது. சத்தமே இல்லை.

"உங்களைப் பார்த்ததும் அடங்கிடுச்சு," என்றாள் மனைவி. "பயம்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தேன். என்னோடு சக்கர நாற்காலியில் ஒரு கிழவரும் ஏறிக்கொண்டார். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவராம். லிஃப்டையும் பஸ் என்றே நினைத்தார் போலிருக்கிறது. எல்லாரும் உள்ளே வந்து நிலையாக நின்றபிறகுதான் கையைக் காட்டி "போகலாம்" என்று உத்தரவு கொடுப்பார். அது பரவாயில்லை. அவர் நாற்காலியின் முன்சக்கரம் போட்ட கீச்சு கீச்சில் லிஃப்ட் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கும்? ஒரு சத்தத்தைப் பிடிக்க வேண்டுமானால், சுற்றி இருக்கிற மற்ற சத்தங்களை முதலில் ஒழிக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். சக்கரத்தைக் கழற்றினேன். அச்சில் ஒரு பந்து அளவுக்கு முடி சுற்றியிருந்தது. அதை எடுத்தேன். சமையலறையில் இருந்து மனைவி ஒரு சொட்டு எண்ணெய் கொண்டுவந்தாள். ஏற்கெனவே ஒரு கிண்ணத்தில் தயாராக இருந்தது.

இது உதவி இல்லை. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஏற்பாடு.

பஸ் டிரைவர் கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். பூனை நடக்கிற மாதிரி இருந்தது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. என்னவோ சொன்னார். மனைவியைப் பார்த்தேன்.

"'இத்தனை நாள் நான் வர்றது எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சு போச்சு. இனிமே சமையலறைக்குள்ள சத்தம் இல்லாம போய்த் திருடலாம்'னு சொல்றார்."

அவர் சிரித்தார். அவர் சிரித்த பிறகு நான் சிரித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட் ஓடும்போது மெக்கானிக்கை எவனும் நினைப்பதில்லை. நின்றால்தான் நினைப்பான், அதுவும் நம் குடும்பத்தை இழுத்து. இத்தனை வருஷத்தில் வேலை முடிந்தபிறகு என் கையை இப்படிப் பிடித்தவர் யாரும் கிடையாது. கிரீஸ் பட்ட கை வேறு. அவர் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமும் போனேன். அன்றைக்குச் சாப்பாட்டுத் தள்ளுவண்டி கடகடவென்றது. ஒழித்தேன். அதற்கடுத்த தடவை கதவுக் கீல்கள். பிறகு சொட்டுகிற குழாய், ஆடுகிற மின்விசிறி. மாடியில் தையல்காரம்மா ஒருத்தி இருந்தாள். அவள் கட்டில் திரும்பிப் படுத்தால் ஊரையே கூப்பிட்டது. அதன் போல்ட்டை எல்லாம் முறுக்கினேன். அவள் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, சட்டையில் இல்லாமல் போன அந்தப் பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டாள். மொத்தக் கட்டடமும் அடங்கிப் போயிற்று. லிஃப்ட் மட்டும் வாயைத் திறப்பதாக இல்லை. நான் இல்லாத நாளில்தான் அது பாடுகிறதாம். மனைவி தவறாமல் வந்து செய்து காட்டினாள்.

ஒருநாள் போனபோது லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதுகில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வேறு யாரும் உட்காரக் கூடாதாம். அது எனக்கு. நீங்க யாரு, யாரைப் பார்க்கணும் என்று கேட்ட அந்த வாட்ச்மேன் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அதில் உட்கார்ந்திருந்தேன்.

மாசக் கடைசி வந்தது. இருக்கிறேன் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டேன். ஒரு கேஸ் பாதியில் நிற்கும்போது மெக்கானிக் ஓடிப்போகக் கூடாது. மனைவியிடமும் சொன்னேன், உனக்காக இல்லை, அந்தச் சத்தத்துக்காக என்று. "சரிங்க," என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டில் ஏதோ விசேஷமான ருசி இருந்தது.

நேற்று அந்த லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்கே வழக்கமான சோதனைக்கு வந்தார். எனக்கு அவர் பாஷை அரைகுறை. ஆனால் மெக்கானிக்குக்கு மெக்கானிக் பாஷை எதற்கு? அவரைப் பிடித்துக்கொண்டு, "கர்ர்ர்... பக்... புஸ்ஸ்" என்று முழுவதும் செய்து காட்டினேன், விசிலோடு. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். மேலே மெஷின் ரூமுக்குக் கூட்டிப் போனார். எல்லாம் புத்தம் புதுசு. போன வருஷம்தான் மாற்றினார்களாம். கயிறு, மோட்டார், பிரேக் எதிலும் ஒரு கீறல் கிடையாது. இது ஒருநாளும் சத்தம் போட்டதில்லை என்றார். அப்புறம் இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டி, கேலியாகச் சிரித்தார். எனக்கு அது புரியவில்லை.

வீட்டுக்கு ஓடி, நாலு மாடியும் ஒரே மூச்சில் ஏறினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லிஃப்ட் சத்தமே போடாதாம்."

"ஆமா. நல்ல லிஃப்டுங்க."

"பின்னே ஏன் பொய் சொன்னே?"

"நல்லா இருக்கிற லிஃப்டைப் பார்க்க நீங்க வருவீங்களா?"

அது கிடக்கட்டும். ஆனால் ஒரு தொழில்காரனுக்கு ஒரு சந்தேகம் இருக்கும் அல்லவா?

"அப்போ அந்தச் சத்தம்? கர்ருனு இழுத்து, நின்னு, பக்குனு உதறுறது? அதை நீ எங்கேயும் கேட்காம செய்ய முடியாது."

"தினமும் கேட்கிறதுதான். நாலு நாட்டிலயும் கேட்டிருக்கேன். அது நடுவுல நிக்கிறப்ப எனக்கு உசிரே நின்னுடும். அந்தப் 'பக்'கு வந்தப்புறம்தான் நான் திரும்பிப் படுப்பேன். சில நாள் 'பிட்டு எங்கே'ன்னு கேட்கும். அதை மட்டும் உங்களுக்குச் செஞ்சு காட்டலை."

நான் துணிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் பார்க்காத பழைய மெஷின். வயிற்றில் பாரம். கழட்டிக் கடாச வேண்டியது. சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இருந்தாலும் விடவில்லை.

"பொய். நானாவது குறட்டை விடுறதாவது. எவன் சாட்சி?"

அவள் என் சட்டையை எடுத்துப் பொத்தானைத் தடவிப் பார்த்தாள்.

"சாட்சிக்கு எங்கே போறது? ஆனா அந்த விசில் மட்டும் எனக்கு வரவே இல்லைங்க. கீழ்வீட்டுக்காரர்தான் நம்ம லிஃப்டுல வச்சுச் சொல்லிக் குடுத்தாரு."