மியூட்டண்ணன் சத்தம் வைத்த நாள்

எழுதத் தெரியாதவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். பேச்சிலும் கெட்டிக்காரன் இல்லை. ஷேர் ஆட்டோவில் "இங்கே நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி, வந்த வழியே நடந்து வீடு சேருகிறவன். அப்படிப்பட்டவன் செய்தி, சினிமா, நாட்டு நடப்பு என்று கருத்துச் சொல்ல வந்தால் நானே சிரிப்பேன். ஆகவே இதில் வரும் கருத்துகள் என்னுடையவை அல்ல, மியூட்டண்ணனுடையவை. நான் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து கேட்டவன், அவ்வளவுதான்.

செய்தி சேனல் பார்த்துப் பார்த்தே ரத்த அழுத்தம் குறைந்துபோன ஒரே மனிதர் இந்தத் தேசத்தில் மியூட்டண்ணன்தான். எங்கள் ஃபாக்டரி மெடிக்கல் கேம்புக்கு வந்த டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பிக்கை வராமல் மறுபடி அடித்தார். யோகா செய்கிறீர்களா என்று கேட்டார். "இல்ல சார். தெனமும் டிபேட் பாக்கறேன்" என்றார் அண்ணன். டாக்டர் மிஷினை மாற்றினார்.

நாங்கள் இருவருமே ஹைதராபாத் லாலாகுடா. இருவருடைய அப்பாக்களும் அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள். எங்களுக்கு ரயில்வே வாய்க்கவில்லை, மல்லாபூரில் பெயிண்டில் கலக்கிற தின்னர் நிரப்பும் ஃபாக்டரிதான் வாய்த்தது. அவர் லோடிங் மேஸ்திரி. நான் டப்பாவுக்கு மூடி அழுத்துகிற மிஷினில். தின்னர் தீப்பிடிக்கிற சரக்கு. அதனால் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே போனபின் உலகத்தைப் பார்க்க ஒரே ஜன்னல் கேன்டீன் டிவி.

அந்த டிவிக்காக நடந்த சண்டைகளைச் சொன்னால் இந்தப் பத்திரிகை முழுவதும் எனக்கே போதாது. ஒருவருக்குத் தெலுங்குச் செய்தி வேண்டும், ஒருவருக்கு ஹிந்திச் செய்தி, இன்னொருவருக்குப் பாட்டு. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சத்தய்யா ரிமோட்டைச் சாம்பார் வாளிக்குள் போட்டுவிட்டான். டிவியைப் பூட்டி வைக்கப் போவதாக மேனேஜர் சொன்னார். அப்போதுதான் அண்ணன் எழுந்து, துடைத்த ரிமோட்டை வாங்கி, ஒரு பொத்தானை அழுத்தினார்.

"படம் எல்லாருக்கும். சத்தம் யாருக்கும் நக்கோ."

நக்கோ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் வேண்டாம். அன்றிலிருந்து ரிமோட் அவருடைய சட்டைப் பையில். அவருக்குப் பெயரும் அன்றுதான் வந்தது. தமிழருக்கு மியூட்டண்ணே, தெலுங்கருக்கு மியூட் அன்னா.

சத்தமில்லாமல் எப்படிச் செய்தி பார்ப்பது? அதற்குத்தான் அவர் இருந்தாரே! கேன்டீனில் சோறு போடும் யாதம்மாவிடம் தட்டை நீட்டிக்கொண்டே, டிவியில் கத்துகிறவர்களுக்கெல்லாம் அவர் குரல் கொடுப்பார். ஹிந்தி சேனலில் கோட்டுப் போட்டவர் மேஜையைக் குத்தினால், "நேத்து தோசமாவ ஃபிரிஜ்ஜுல வெச்சது யாரு? தேசம் கேக்குது!" என்பார். எட்டுச் சதுரத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாய் அசைத்தால், "ஒண்ணும் இல்லப்பா. எங்க குவார்ட்டர்ஸ்ல கரண்ட் போச்சு. ஆளுக்கொரு ஜன்னல்ல வந்து 'ஒங்க வூட்ல இருக்கா, ஒங்க வூட்ல இருக்கா'ன்னு கேட்டுக்கறாங்க" என்பார். பாதி தமிழ், பாதி தெலுங்கு, அவசரத்துக்கு ஹைதராபாத் ஹிந்தி. யாதம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

தேர்தல் முடிவு நாளில் மட்டும் எல்லோருக்கும் பயம். சத்தய்யா ஒரு கட்சி, பேக்கிங் ஆட்கள் வேறு கட்சி. எண்கள் ஏற ஏறத் தட்டுகள் பறக்கும் போலிருந்தது. அண்ணன் எழுந்து நின்று, ஹௌசி ஆட்டத்தில் நம்பர் கூப்பிடுகிற குரலில் எண்களைப் படிக்க ஆரம்பித்தார். "டாப் லைன் போச்சு! மிடில் லைன் போச்சு! ஃபுல் ஹௌஸ் யாருக்கும் வரல!" சண்டைக்குச் சட்டைக் கையை மடித்த சத்தய்யா, தன்னையறியாமல் பையில் டிக்கெட்டைத் தேடினான்.

அவருடைய கருத்துகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது: பேசுகிறவனைப் பார்க்காதே, அவனுக்குப் பின்னால் பார். ஒரு மழை நாளில் ரிப்போர்ட்டர் ஒருவர் இடுப்பளவு வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நாய் சாவகாசமாக நடந்து போனது. அதற்குப் பாதம்கூட நனையவில்லை.

"நாயப் பாருப்பா. நாய்தான் நியூஸு. அவன் பள்ளத்துல குந்திக்கினு கீறான்."

இரண்டாவது, சிமிட்டல். "நெஜம் சொல்றவன் யோசிச்சுச் சொல்வான். யோசிச்சா கண்ணு சிமிட்டும். பொய்யின்னா மனப்பாடம் பண்ணிக்கினு வந்துடுவான். சிமிட்டவே மாட்டான்." சத்தம் இருந்தால் நாம் காதைக் கொடுத்துவிடுவோமாம், கண்ணைப் பார்க்க விட்டுவிடுவோமாம். இது எனக்கு முழுவதும் சம்மதமில்லை. தூசி விழுந்தால் அயோக்கியனும்தான் சிமிட்டுவான். ஆனால் ஆயுத பூஜை அன்று முதலாளி மேடையேறிப் புதிய கேன்டீன் கட்டித் தருவதாகச் சொன்னபோது, அண்ணன் என் காதருகே குனிந்து, "சிமிட்டலப்பா" என்றார். நாங்கள் இன்றும் அதே தகரக் கொட்டகையில்தான் சாப்பிடுகிறோம்.

சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார். எந்தப் படமானாலும் சரி. "இன்டர்வெல் வரைக்கும் ஹீரோவும் மனுசன். அதுக்கப்புறம் அடிச்சா சாவ மாட்டான், சுட்டா சாவ மாட்டான். அவன் பொழைக்கறத நாம இன்னாத்துக்குக் காசு குடுத்துக் கவலப்படணும்?" இந்தியா முழுவதற்குமாக எடுக்கிறார்களே, பெரிய படங்கள், அவற்றைப் பற்றி: "பேசினாத்தான்ப்பா பாஷ வேணும். ஸ்லோ மோஷன்ல நடந்தா எல்லா ஊர்லயும் ஓடும். எல்லாரையும் சாதாரணமா நடக்கச் சொல்லு, படம் இன்டர்வெல்லையே எட்டாது."

ஒருமுறை நானும் அவரோடு பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தார்நாக்கா சிக்னலில் நிற்கும்போது மீதிக் கதையை அவரே சொல்லி முடித்தார். வில்லன் திருந்தி டிபன் சென்டர் வைக்கிறான். ஹீரோ தினமும் அங்கே இட்லி சாப்பிடுகிறான், பழைய பகையால் சட்னி கேட்க மாட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் நான் அதைச் சொல்ல, முழுப் படமும் பார்த்திருந்த என் மனைவி, "ஏங்க, நீங்க தியேட்டருக்குத்தான் போனீங்களா?" என்று கேட்டாள். இன்றுவரை நான் அவருடைய முடிவைத்தான் நம்புகிறேன்.

இவ்வளவு பேசுகிற மனிதர் என்னை ஏன் பின்னால் ஏற்றிக்கொண்டார் என்று அவரிடமே ஒருநாள் கேட்டேன். "நீ ஒருத்தன்தான்ப்பா பொறக்கும்போதே மியூட்டு" என்றார்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் ஹேமா, ஒரு சின்னத் தெலுங்கு செய்தி சேனலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

முதலில் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிற வேலை. அதற்கே அவர் முகம் இறுகியது. பிறகு மதியச் செய்தி வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், "ஊர்ல ஒனக்கு வேற வேலையே கெடைக்கலயா?" என்று கேட்டாராம். லாலாகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். ஹேமா சொன்னாள்: "நான்னா, ஒக்கசாரி சவுண்டு பெட்டி வினு." அப்பா, ஒரே ஒரு தடவை சத்தம் வைத்துக் கேள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை.

வீடே டிபேட் ஆகிவிட்டது. ஆளுக்கொரு மூலை, நடுவில் அண்ணி. "சட்னி போதுமான்னு கேளு" என்பார் இவர். "சாலு அனி செப்பு" என்பாள் அவள். போதும் என்று அண்ணி இந்தப் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டும். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல? எனக்கு யாரு சம்பளம் குடுக்கறா?" என்று அண்ணி ஒருநாள் தோசைக் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

நாச்சாரம் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே அண்ணன் ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார். "ஊர்ல இருக்கறவன் வாயில எல்லாம் என் வார்த்தைய வெச்சு சிரிக்க வெச்சவன் நானு. நாளைக்கு எவனோ ஒருத்தன் எந்தக் கேன்டீன்லயோ என் பொண்ணு மூஞ்சிக்கும் அப்டி பண்ணுவான் இல்ல?" நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஹேமா முதன்முதலாகச் செய்தி வாசித்த நாளில் கேன்டீனில் நிற்க இடமில்லை. அண்ணி யாதம்மாவுக்குச் சொல்லிவிட்டிருந்தார். யாதம்மாவுக்குத் தெரிந்தால் ஃபாக்டரிக்கே தெரிந்த மாதிரி. மத்தியான ஷிஃப்ட் ஆட்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். தனக்குப் பசியில்லை என்று லோடிங்கிலேயே நின்ற அண்ணனைச் சத்தய்யா கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

திரையில் ஹேமா. நீலப் புடவை. நெற்றியில் இருந்த பொட்டு தூரத்திலிருந்தே தெரிந்தது. வாய் அசைந்தது.

"சவுண்டு பெட்டு அன்னா!" என்றான் சத்தய்யா. யாரோ தட்டைத் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "சவுண்டு! சவுண்டு!"

அண்ணன் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் நின்றது. யாதம்மா, "பெட்டு அன்னா, நீ பிட்டேகா" என்றாள், உன் குழந்தைதானே என்று. அவர் அழுத்தினார்.

திரையில் இருந்த மியூட் குறி மறைந்தது. சத்தம் வரவில்லை. அவர் வால்யூமைக் கூட்டினார். பச்சைக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போய் முட்டியது. அப்போதும் வரவில்லை. சத்தய்யா ஸ்டூலில் ஏறி டிவியின் முதுகில் இரண்டு போட்டான். ஒரு பல்லி வெளியே வந்தது. சத்தம் வரவில்லை. டிவியின் குரல் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. வருஷக்கணக்கில் மூடியே வைத்திருந்ததில் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. போன்களோ எல்லாம் கேட்டில்.

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். "நுவ்வே செப்பு அன்னா" என்றான் சத்தய்யா. நீயே சொல்லிவிடேன். எத்தனை பேருக்கு நீ குரல் கொடுத்திருக்கிறாய்!

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார்.

"அவ இன்னா சொல்றான்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றார். "தெரியாம எப்டி சொல்றது?"

அதன்பின் அந்தக் கேன்டீனில் யாரும் சோறுகூட மெல்லவில்லை. செய்தி முடியும்வரை அத்தனை பேரும் வாயசைவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹேமா காகிதத்தைப் பார்ப்பாள், நிமிர்வாள், சிமிட்டுவாள். படபடவென்று சிமிட்டிக்கொண்டே இருந்தாள். பயமாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

"சிமிட்டுது பாருப்பா" என்றார் அண்ணன். என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. "சிமிட்டுது பாரு."

ஷிஃப்ட் முடிந்து கேட்டில் போனை வாங்கியதும் அன்றைய செய்தியைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை ஃபோன் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, படமும் வரும். பாருங்கண்ணே."

"மூஞ்சிய மத்யானமே பாத்துட்டேன்ப்பா."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் மறு காதைப் பொத்திக்கொண்டு, மகள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் "ம்" கொட்டினார். "ம்... ம்... அப்டியா..." என்று கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று போனை என் கையில் திணித்தார்.

"வண்டில ஏறு. நாளைக்கு தண்ணி வராதாம். பைப்பு ரிப்பேராம். லாலாகுடா, மெட்டுகுடா எல்லாம். ஹேமா சொல்றா."

தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். வலப்பக்க வீடுகள் அவருக்கு, இடப்பக்கம் எனக்கு. அடுத்தவர் வீட்டுக் கதவை நான் அதுவரை தட்டியதில்லை. அன்று தட்டி, "நாளைக்குத் தண்ணி வராது, பிடிச்சு வெச்சுக்குங்க" என்று கத்தினேன். எந்த சேனலில் சொன்னார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். மறுபக்கத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது: "சேனல் கீனல் நக்கோ! ஹேமா சொன்னா!"

ஹேமா வீடு திரும்பியபோது நான் அவர்கள் வாசலில் டிரம்முக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி செய்தியை வாங்கிக் கொடுக்கத் தயாராக வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைத் திருப்பி மகளிடமே கேட்டார்.

"எந்நேரம் வரைக்கும் வராதும்மா?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "சாயந்தரம் வரைக்கும்ப்பா" என்றாள், தமிழில். பிறகு சிமிட்டினாள்.

இப்போது அவர் ரிட்டயராகி, மகளோடு பட்டான்செரு பக்கம் போய்விட்டார். நான் பஸ்ஸில் போகிறேன். வீட்டு டிவியில் யாராவது கத்தினால் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவர் என்ன சொல்வார் என்று கொஞ்ச நேரம் யோசிப்பேன். எனக்கு அந்த அளவுக்கு வராது.

ஹேமா செய்தி வாசித்த மறுநாள் எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை.