முதல் சாவியிலேயே கிளம்பிய குற்றம்

உலகத்திலுள்ள சங்கங்களிலேயே அப்பழுக்கற்றது அந்த ஊர்ப் பழங்கார் சங்கம்தான். அதன் விதி ஒன்றே ஒன்று: கார் பிறந்தபோது இருந்த உறுப்பைத் தவிர வேறெதையும் அதில் பொருத்தக் கூடாது. ஆகவே, எந்தக் காரும் கிளம்பாது. ஞாயிறுதோறும் உறுப்பினர்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அவற்றைத் தெருத்தெருவாகத் தள்ளிப் போவார்கள். இந்தக் கண்கொள்ளாக் காட்சிக்குச் சங்கம் வைத்த பெயர் 'ஓட்டம்'.

இப்பேர்ப்பட்ட சபையில்தான், புதிதாகச் சேர வந்த மருந்துக்கடைக்காரரின் கார் முதல் சாவியிலேயே கிளம்பித் தொலைத்தது.

விசாரணைக் குழு அவர் வீட்டு ஷெட்டிலேயே கூடியது. தலைவர் தொழிலில் பல் டாக்டர். பானெட்டைத் திறந்து, "ஆ காட்டு" என்று சொல்லாத குறையாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பொறி இவ்வளவு பளிச்சுன்னு வருதே, எப்படி?"

"கரி பிடிச்சிருந்த பாயிண்ட்டை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சேன் சார்."

"தேய்ச்சீங்களா! அந்தக் கரி எந்தக் காலத்துக் கரி தெரியுமாய்யா? அதுதான்யா வரலாறு! சரி, ஸ்பார்க் பிளக்?"

"புதுசு..."

செயலாளர் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் வெண்கலச் சின்னம் சட்டையில் ஏறினால்தான் மாமனார் தன்னை மனிதனாக மதிப்பார் என்று மருந்துக்கடைக்காரர் நம்பியிருந்தார்.

தலைவர் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த ரோட்டரை உருவி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். "சாட்சியம்." அது இல்லாமல் பொறி பறக்காது. கார் அந்தக் கணமே சங்கத்தின் தரத்துக்கு உயர்ந்தது.

அப்போது மருந்துக்கடைக்காரரின் நிறைமாத மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க, வலி எடுத்துடுச்சு. வண்டியை எடுங்க."

"சார், அந்த ரோட்டர்..."

"தீர்மானம் போடாம சாட்சியத்தை எப்படித் திருப்பித் தர்றது? பாதிப் பேர் கூட வரலையே!"

"வலிக்குதுய்யா!"

"கவலைப்படாதேம்மா, தள்ளிட்டே போயிடுவோம். பின்ன சங்கம் எதுக்கு இருக்கு?"

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏறிக்கோம்மா. குலுங்காமத் தள்ளச் சொல்றேன்."

அவள் தெருவில் இறங்கி, எதிரே வந்த டாக்சியை மறித்து ஏறிப் போய்விட்டாள். அவரும் பின்னால் ஓடியிருக்கலாம். ஆனால் தள்ளுகிற காருக்கு ஸ்டியரிங் பிடிக்க ஒருவர் வேண்டுமே. தலைவர் தோளைத் தட்டியதும் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

காலி இருக்கையுடன் அந்த 'ஓட்டம்' மருத்துவமனை வாசலை அடைந்தது. ஒரு முறைகூட எஞ்சினைக் கிளப்பாமல் வந்துசேர்ந்த பெருமிதத்தில், தலைவர் அங்கேயே மருந்துக்கடைக்காரரின் சட்டையில் வெண்கலச் சின்னத்தைக் குத்தினார். பிறகு எல்லோரும் வரிசையாக வார்டுக்குள் நுழைந்தார்கள்.

மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி சின்னத்தைப் பார்த்தாள்; தலைவரைப் பார்த்தாள்.

"நீங்க பெரிய நிபுணர். ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். நான் கூப்பிட்டா இவர் கிளம்பவே மாட்டேங்கிறாரே, இது இவருக்குப் பிறவியிலேயே இருந்ததா, உங்க சங்கத்துல பொருத்தினதா?"