கண்ணாடி முன் ஒரு வீர உரை

அன்றைக்கு ஒரு முடிவோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். எப்பாடு பட்டாவது ஹாலை மீட்டே தீருவது!

எங்கள் வீட்டு ஹால் என் கையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. என் மனைவி கலைஞர். யாரையும் சாராத சுயேச்சைக் கலைஞர். அவளைச் சார்ந்தவன் நான் ஒருத்தன்தான். சோபா இருந்த இடத்தில் ஈரத்துணி சுற்றிய களிமண் உருவங்கள். டி.வி. இருந்த இடத்தில் புரொஜெக்டர். சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நான் செய்தி கேட்பது ஃபிரிஜ்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்து.

ஒருநாள் திரையில் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா படம் இது?"

"சோதனைப் படங்க."

"யாருக்கு?"

பார்வை மட்டும் வந்தது.

என் திட்டம் இதுதான். அவளுடைய கண்காட்சி திறக்கிற அன்று, நாலு பெரிய மனுஷர்கள் முன்னால், சிரித்த முகத்தோடு ஹாலைக் கேட்டுவிட வேண்டும். நாலு பேர் முன்னால் எந்த மனைவி மாட்டேன் என்பாள்? தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். "இதோ பாரு! இனிமே..." என்று விரலை நீட்டுவேன். அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். விரல் தானாக மடங்கித் தலையைச் சொறியும்.

அந்த அறை அலமாரி மேல் அவள் ஒரு கேமரா வைத்திருந்தாள். சுவரில் வெயில் நகர்வதைப் படம் பிடிக்கிறதாம். அது வெயில் பாடு, அவள் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சிக்கு ஆபீஸிலிருந்து நேராகப் போனேன். வாசலைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது.

நீளமான மேடை. அதன் மேல் வரிசையாக வெள்ளைக் கைகள், பிளாஸ்டரில். முதல் கை விரலை நீட்டி அதட்டுகிறது. அடுத்ததில் விரல் லேசாகத் தளர்கிறது. கடைசிக் கை இல்லாத தலையைச் சொறிகிறது. கோணல் சுண்டுவிரல், கடித்த நகம்... ஐயோ, என் கை! கல்யாணமான நாளிலிருந்து என் கை ஓங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பின்சுவரில் கூரை வரைக்கும் திரை. அதில் பூதாகாரமாக நான். சத்தமே இல்லை. வாய் அசைகிறது. விரல் எழுகிறது, தாழ்கிறது. காலை வெயில் என் வழுக்கையில் ஏறி, காதோரம் வழிந்து, தோளில் இறங்குகிறது. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. எனக்குப் புல்லரித்துப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மூஞ்சியை இத்தனை அழகாக நானே பார்த்ததில்லை. இவ்வளவு காலமும் ஒருத்தி என்னை இப்படிக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாளே!

"கடவுள்கிட்ட வேண்டிக்கிறார் போல" என்றார் ஒரு விமர்சகர்.

"இல்ல சார், காதலைச் சொல்ல வந்துட்டுச் சொல்ல முடியாம தவிக்கிறார்" என்று ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் யாரோ என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அட, அவரே வந்துட்டார்! சார், இதுல என்னதான் சொல்றீங்க?"

கூடம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் காத்திருந்த நேரம் இதுதான்.

"சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, குரலில் தேன் ஒழுக.

விரலை நீட்டினேன். "இனிமே..."

எல்லார் முகத்தையும் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"இனிமே ஹால் உனக்குப் பத்தாது, பெட்ரூமையும் எடுத்துக்கோன்னு சொன்னேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்த அம்மாள் விசும்பியே விட்டார்.

வெளியே வரும்போது மெல்லக் கேட்டேன். "ஏம்மா, சத்தத்தை ஏன் எடுத்துட்டே?"

"நீங்க பேசினதை ஊரே கேக்க வேணாம்னுதான். நான் மட்டும் தினமும் கேட்டேன்."

"அப்படியா... இல்ல, அந்த பெட்ரூம் விஷயம்... ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிட்டேன். நிதானமா யோசிச்சு..."

"நாலு பேர் முன்னால நீங்க வள்ளலாயிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதாங்க? கட்டிலை மத்தியானமே கழட்டியாச்சு."