குங்கிலியம்மா ஏந்திய தூபம்

ராணுவ ஆட்சிக்கு அஞ்சி யாங்கூனில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில், மூக்கை மூடிக்கொள்ள மறுத்த ஒரே ஆள் குங்கிலியம்மாதான்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. லத்தா பேட்டையில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கு நேர் கீழே அவர் கடை. சாம்பிராணி, குங்கிலியம், இவ்வளவுதான் சரக்கு. அந்தப் புகை மாடியேறி எங்கள் கோப்புகளிலெல்லாம் குடியேறியிருந்தது. நாங்கள் அனுப்பிய கடிதம் ஒன்றுக்கு, உங்கள் அலுவலகத்தில் யாராவது தவறிவிட்டார்களா என்று சிங்கப்பூரிலிருந்து விசாரித்தே பதில் வந்தது.

அங்கே சாமான் வாங்குவது பரீட்சை எழுதுவது மாதிரி. எந்த மரத்துப் பிசின் என்று சொன்னால்தான் தராசைத் தொடுவார். சாம்பிராணி மலைநாட்டு மரம், பட்டையைக் கீறினால் பால் மாதிரி வடிந்து உறையும். குங்கிலியம், பர்மியர் இங்யின் என்கிற மரத்துப் பிசின் என்று பாடமே நடத்துவார். க்யிம்யிண்டைங் படகுத்துறைக்காரர்களுக்கு மட்டும் பரீட்சை கிடையாது. அவர்கள் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் படகின் இடுக்குகளை அடைப்பவர்கள்.

"பொய்ச் சரக்குன்னா அவன் முழுகிடுவான் தம்பி. கோயில்காரன் முழுக மாட்டான்ல, அதான் அவன்கிட்ட கேக்குறேன்," என்பார்.

கோயில்காரன் என்றது தெருக்கோடி அம்மன் கோயிலின் தலைவரை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திருவிழாவுக்கு அவர் வேறெங்கோ மலிவாகச் சாம்பிராணி வாங்கிவிட்டார். கொடியேற்றத்தன்று தூபம் காட்டியதும் கூட்டத்துக்குள்ளிருந்து குங்கிலியம்மாவின் குரல் வந்தது.

"அது பைன் மரத்துப் பிசின். ரேடியோ ரிப்பேர்காரன் ஈயம் பத்தவைக்கிறது. அதையா ஆத்தா மூஞ்சியில காட்டுறீங்க?"

தலைவரின் முகம் கறுத்தது. வெளியே போ, இனி இந்தப் படி ஏறாதே என்றார். குங்கிலியம்மா போனார். போய், கோயில் வாசலுக்கு எதிரே நடைபாதையில் தூபக்காலை வைத்து அசல் சாம்பிராணியைப் போட்டார். வந்தவர்களெல்லாம் முதலில் அங்கே நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அப்புறம்தான் உள்ளே போனார்கள்.

தலைவர் வார்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அதிகாரி வந்து, நடைபாதையில் நெருப்பு வைக்கக்கூடாது, மீறினால் கடை உரிமம் போய்விடும் என்றார். அந்த நாளில் அப்படி ஒருவர் வந்து சொன்னால் மறுபேச்சு கிடையாது. பக்கத்தில் நின்ற நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். குங்கிலியம்மா தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு பர்மியில், ஐயா என்பதற்கான ஸயா போட்டுப் பணிவாகச் சொன்னார்.

"நடைபாதையில இல்ல ஸயா. என் கையில இருக்கு."

அதிகாரி தன் தாளைப் புரட்டிப் பார்த்தார். கையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

மறுநாள், நடைபாதையில் நிற்கவே கூடாது என்று உத்தரவு வந்தது. குங்கிலியம்மா சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து, தூபத்தோடு ஏறி உட்கார்ந்து தினமும் கோயிலைச் சுற்றி வந்தார். சைக்காக்காரர் இருமிக்கொண்டே மிதித்தார். உரிமம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். படகுத்துறைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பேன் என்றார். சிரிக்கவில்லை. சூடு பட்டு அவர் கை முழங்கை வரை சிவந்திருந்தது.

பைன் பிசின் கரும்புகை விடும். எட்டாம் நாள் அம்மனின் மஞ்சள் பட்டு சாம்பல் நிறமாகிவிட்டது. அர்ச்சகர் தும்மலுக்கு நடுவில்தான் மந்திரம் சொன்னார். பத்தாம் நாள் காலை தலைவரே கடைக்கு வந்து, ஒரு பொட்டலம் சாம்பிராணி என்றார். குங்கிலியம்மா மூன்று கட்டிகளை எடுத்து வைத்து, இதில் சாம்பிராணி எது என்று கேட்டார். தலைவர் இரண்டு முறை தோற்றார். மிச்சம் ஒரே கட்டிதான் இருந்ததால் மூன்றாவது முறை ஜெயித்தார்.

பொட்டலத்தைக் குங்கிலியம்மா உடனே கொடுத்துவிடவில்லை.

"எல்லார் முன்னாடியும்தான போன்னீங்க. எல்லார் முன்னாடியும் வான்னு சொல்லுங்க."

அன்று மாலை தலைவர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். புகார் கொடுத்தவரே அழைத்துவிட்டதால் உரிமப் பேச்சும் அடங்கிப்போனது. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிற என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு குங்கிலியம்மா உள்ளே நுழைந்தார். தூபம் காட்டி முடிந்த பிறகும் அம்மனையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"பத்து நாள்ல ஆத்தா இளைச்சுப் போயிட்டா தம்பி," என்றார்.

இளைத்துப் போயிருந்தது அவர்தான். அதைச் சொல்லாமல், ஆமாம் அக்கா என்றேன்.